நான்காவது மேடு

மூன்று தந்திகள் கொண்ட கோமுஸ் வாத்தியம் முனகுகிறது என்று கூறி, நூர்தோலோத்தின் பதிவை வானொலியார் திருப்பியனுப்பிவிட்டனர். மறு பதிவும் முனகினால் அவருடைய வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விடும். ஆகவே, பிஷ்கெக்கில் ஒலியியல் ஆய்வாளராயிருந்த தம் தங்கை பெகாயிமிடம் வாத்தியத்துடன் வந்தார்.

அவள் அவரைத் தந்திகளை மட்டும் மீட்டச் சொல்லிப் பதிவுசெய்தாள். பின்பு கணினியில் சிறு நிரலொன்றை எழுதி, ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கருவியை இயக்கினாள். திரையில் விரிந்த வரைபடத்தில், ஓர் ஒலிக்கு ஒன்றாக நான்கு மேடுகள் உயர்ந்து நின்றன.

"மூணு தந்திக்கு மூணு மேடு. நாலாவது யாருது, அண்ணே?"

"உன் கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியல போல."

மின்சார இரைச்சலாயிருக்குமோ என்றெண்ணி, அதனை நீக்கும் வடிகட்டியைச் சேர்த்தாள். அம்மேடு அசையவில்லை.

"இப்ப தந்தியைத் தொடாம, கையை மட்டும் ஆட்டுங்க."

அவர் அவ்வாறே கண்மூடி ஆட்டினார். அதையும் பதிவுசெய்து மீண்டும் நிரலை ஓட்டியபோது மூன்று மேடுகள் மறைந்திருந்தன. நான்காவது மட்டும் கம்பீரமாக நின்றது.

"கோமுஸ் பாவம், அண்ணே. முனகுறது நீங்கதான்!"

"நானா? வாசிக்கும்போது வாயையே திறக்க மாட்டேனே!"

"திறக்காமத்தான் முனகுறீங்க!"

தட்டிலிருந்த போர்சோக் ரொட்டியொன்றை எடுத்து அவர் வாயில் திணித்தாள். அவர் வாசித்தார். நான்காவது மேடு அடியோடு காணாமற்போயிற்று. ஆனால், அது நின்ற இடத்தருகே சின்னஞ்சிறு மேடுகள் வரிசையாக முளைத்திருந்தன.

"அண்ணே, மெல்லாதீங்க!"