மூன்று அதிகாரிகளுக்கு வைத்த பொட்டு

சீனத்து அரசவையைப் பற்றியோ பழைய ஒளிப்படக் கலையைப் பற்றியோ முறையாகக் கற்றறியாத அடியேன் இதனை எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். பிழை காணின் அது என்னுடையதே, வித்தியாவினுடையது அன்று.

வித்தியா மொன்றியலில் பழைய படங்களை ஆராய்ந்து, அவற்றில் இருப்பவர் யார், எக்காலத்தவர் என்று சொல்லும் பணியைச் செய்பவள். அந்நகரின் வில்லரேப் பகுதியில் வசிக்கும் மதாம் லியாங் என்னும் எண்பத்தாறு வயதுப் பெண்மணி, ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவளிடம் ஒரு படத்தை ஒப்படைத்தார். நூற்றைம்பது ஆண்டுப் பழமையான தாள். சீனப் பேரரசின் அதிகாரிகள் மூவர் முழங்கால்மேல் கை வைத்து இமையாது அமர்ந்திருந்தனர். நடுவில் இருப்பவர் தம் கொள்ளுப்பாட்டனாரா, அன்றி அவருடைய தம்பியா என்பதே மதாமின் கேள்வி. அண்ணன் நிர்வாக அதிகாரி, தம்பி படையதிகாரி. படத்தின் கீழே பெயரை எழுதிவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும் என்றார் அவர்.

விடை அந்த மனிதரின் நெஞ்சில் இருந்தது. நிர்வாகத்தார் பறவையையும் படையினர் விலங்கையும் சதுரமாக அங்கியில் தைத்து அணிவது அந்நாட்டு வழக்கம். ஆனால் சதுரத்தின் மேல் மணிமாலை தொங்கிற்று. பூதக்கண்ணாடியில் ஒரு கணம் சிறகு, மறுகணம் பிடரிமயிர். ஆய்வுகூடம் திங்களன்றுதான் திறக்கும். அங்கே பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் தெளிந்துவிடும் என்று நம்பி, அதுவரை வைத்திருக்கப் படத்தை உறையோடு பியர்பொன்ட்ஸில் உள்ள தன் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

ஞாயிறு சரஸ்வதி பூசை. டெபனர் என்னும் மூலைக்கடைக்குப் போய்ப் பாலோடு திரும்பிய வித்தியா வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவனின் தமக்கை ஞானாம்பிகை, பிள்ளைகளின் புத்தகங்களோடு அந்தப் படத்தையும் கும்பத்தின் முன் வைத்திருந்தாள். மூன்று நெஞ்சிலும் ஈரச் சந்தனம், நடுவே குங்குமம்.

“மச்சாள், இதை ஆர் உறையாலை எடுத்தது?”

“நான்தான். எல்லாற்றை புத்தகமும் இருக்கு, உம்மட தொழிலை மட்டும் மேசையிலை விடுறதே? பாத்தால் செத்த ஆக்கள். பொட்டில்லாமல் வைக்கலாமோ?”

“நெஞ்சிலை ஏன் வைச்சனீங்கள்?”

“நெத்தியைத் தொப்பி மறைச்சுக்கொண்டு கிடக்கு. வேறை எங்கை வைக்கிறது, மூக்கிலையோ?” ஞானாம்பிகை சிரித்தாள். “மூண்டு பேருக்கும் வைச்சனான். ஒராளை விட்டால் கோவிப்பினம், பெரிய உத்தியோகத்தர்.”

“இதுக்குக் கண்ணாடி இல்லை மச்சாள். வெறும் தாள்!”

சிரிப்பு நின்றது. “எங்கட வீட்டுப் படமெல்லாம் கண்ணாடிக்குள்ளைதானே… பொறும், துடைச்சு விடுறன்.”

“தொடாதேங்கோ!”

வித்தியா பாலைப் போட்டுவிட்டு ஓடிவருமுன் ஈரத்துணி மூன்று முறை போய்வந்துவிட்டது. அக்காலத் தாளில் முட்டை வெண்கருவின் மெல்லிய பூச்சில்தான் உருவம் தங்கியிருக்கும். ஊறிய பூச்சு துணியோடு வந்துவிட்டது. துணியைப் பிடித்தபடி ஞானாம்பிகை அழுதாள். மரியாதை செய்தவளை என்னவென்று கடிவது?

திங்களன்று பக்கவாட்டு வெளிச்சத்தில் தாளின் நார்களே தெரிந்தன. முன்னர் கைபேசியில் எடுத்த படத்திலோ அந்தச் சதுரம் அரிசிமணி அளவுதான். பெரிதாக்கினால் வெறும் சாம்பல்.

மதாம் தொலைபேசியில் பிரெஞ்சில் ஒன்றே கேட்டார்: “பறவையா, விலங்கா?”

“தெரியவில்லை, மதாம். இனித் தெரிய வழியும் இல்லை.” வித்தியா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“மெர்சி” என்று நன்றி மட்டும் சொல்லி அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அழிந்தவை: நெஞ்சுச் சதுரங்கள் மூன்று, மாலை மணிகள் முப்பத்தொன்று, நடுவில் இருந்தவரின் வலக்கை விரல்கள் இரண்டு, மதாம் லியாங் எழுதவிருந்த பெயர் ஒன்று.