செந்தூர்பாண்டியின் கட்டைவிரல்

அப்பாவின் உடலைக் குளிப்பாட்ட இன்னும் நேரம் இருக்கிறதே என்று பிரீத்திகா நினைப்பதற்குள் சித்தப்பா சீனிவாசகம் ஃபிரீசர் பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டார். அவர் கையில் அப்பாவின் செல்போன் இருந்தது.

“மதினி, கடைசியாக் கேக்கேன். போனத் தொறக்க நம்பர் என்ன?”

“எனக்கென்ன தெரியும்? அவுக சொல்லிட்டா செத்தாக?” என்றாள் அம்மா பொன்னுத்தங்கம்.

அப்பா செந்தூர்பாண்டி பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைபவர். அச்சகம் சித்தப்பாவுடையது. பெயர் அவருக்கு, பாடு அப்பாவுக்கு. தீபாவளி சீசனுக்கான டிசைன் அத்தனையும் சித்தப்பா வாங்கிக்கொடுத்த புது லேப்டாப்பில் இருந்தன. நேற்று மதியம் அதில் அப்டேட் போட்டுவிட்டு, முடியட்டும் என்று படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. லேப்டாப் மட்டும் எழுந்து, நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கொடுத்தால்தான் திறப்பேன் என்று நீலத்திரையில் அடம்பிடித்தது. அந்த எண் அப்பாவின் போனுக்குள் இருக்கிறது, அம்மா வேண்டுமென்றே மறைக்கிறாள் என்று வந்தவர்களிடமெல்லாம் சித்தப்பா சொல்லிவிட்டார். ஆனைக்குட்டத்திலிருந்து வந்த அத்தைகூட அம்மாவைக் கட்டி அழாமல் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

“லேப்டாப்பு தொறக்காம நான் கொள்ளி வைக்க மாட்டேன். ஒத்தப் பொம்பளப் புள்ளையப் பெத்து வச்சிருக்கீக. வேற எவன் வாரான்னு பாக்கேன்.”

அப்பாவின் கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணி நாடாவால் கட்டியிருந்தார்கள். சித்தப்பா அதை அவிழ்த்தார். வலது கட்டைவிரலைப் பிடித்துப் போனில் அழுத்தினார். வேட்டியில் துடைத்து மறுபடியும் அழுத்தினார். ஒப்பாரி நின்றுவிட்டது. பிரீத்திகாவுக்கு அந்த ஆளை அங்கேயே கடித்துக் குதறலாம் போலிருந்தது.

கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் தருண்குமார் அவளுடன் படித்தவன். அவனைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அப்பா போன்ல இருக்கணும்னு இல்ல பிரீத்தி. லேப்டாப்ப மொதமொதல்ல ஆன் பண்ணும்போது யாரு மெயில் ஐடி போட்டாகளோ, அவுக அக்கவுண்ட்லதான் அந்த நம்பர் இருக்கும்.”

சித்தப்பாவின் கை நின்றது.

“யாரு போட்டா சித்தப்பா?”

“கடையில வச்சு... நாந்தான்.”

“எதுக்கு?”

அதற்கு அம்மாதான் பதில் சொன்னாள்: “டிசைன் வேற கம்பெனிக்குப் போயிரக் கூடாதுன்னுதான். கூடப்பொறந்தவர நம்பல.”

தருண் சொல்லச் சொல்லச் சித்தப்பா தன் போனைத் தட்டினார். எண்கள் வந்துவிட்டன. எதுவுமே நடக்காததுபோல லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார்.

“இந்தா புள்ள, வந்துருச்சு. நான் வாசிக்கேன், நீ அடி.”

பிரீத்திகா லேப்டாப்பை மூடினாள்.

“அவுத்தது நீங்க. மொதல்ல கட்டுங்க.”

“குளிப்பாட்டுறப்பக் கட்டிக்கிடலாம்லா...”

“இப்பக் கட்டுங்க.”

அத்தை எழுந்துவந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தப்பா மண்டியிட்டார். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே முடிச்சுப் போடப் பார்த்தார். நாடா நழுவியது. விறைத்த விரல்கள் சேர மறுத்தன. கடைசியில் போனைத் தரையில் வைத்துவிட்டு, அண்ணனின் விரல்களை இரண்டு கைகளாலும் பிடித்தார். தரையில் அந்த எண்கள் கொஞ்ச நேரம் ஒளிர்ந்துவிட்டு அணைந்தன.