நான்கு மாதம் செல்லாத பேச்சு

வருடத்தில் நான்கு மாதம் என் பேச்சு செல்லாது. நானே கையெழுத்துப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சட்டம் அது.

பகல் சுருங்கத் தொடங்கினால் எனக்கு ஆகாது. காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்குவதே ஒரு நாள் வேலையாகிவிடும். பல் துலக்கும்போது அழுகை வரும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் அப்படியொரு மாதத்தில் வேலையை விடுகிறேன் என்று கடிதம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைப்பது என் வேலை. முதலாளியம்மா கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"வெயில் வரட்டும்மா. அப்பவும் இதையே சொன்னா பிரிச்சுப் படிக்கிறேன்."

வெயில் வந்ததும் நானே கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டேன். அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தப்பு.

"நல்ல யோசனையா இருக்கே" என்றார் கணவர். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். இருட்டு மாதங்களில் நான் பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. எடுத்தாலும் செல்லாது. அப்போது அவர் சொல்வதே முடிவு. கடைசி வரி அவர் சேர்த்தது. நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் சொல்லி, வெயிலுக்குப் பதிலாக முகத்தில் படுவதற்கென்று ஒரு வெளிச்ச விளக்கும் வாங்கினேன். கிழக்கே ஜன்னல் வைத்த சின்ன அறையில், காலை ஆறரைக்கு அதன் முன் அரை மணி நேரம் உட்காருவேன். பிறகு ஜன்னலில் கிடைக்கிற வெளிச்சத்தையும் விடமாட்டேன். குணமாகிவிடவில்லை. எழுந்து, குளித்து, வேலைக்குப் போனேன். இரண்டு வருடம் அந்த அறையால்தான் ஓடியது.

போன இருட்டு மாதங்களில் கணவரின் தம்பி இரண்டு பெட்டிகளோடு வாசலில் நின்றான். "ரெண்டு வாரம் மட்டும் அண்ணி." அன்றிலிருந்து என் மனதில் அவன் பெயரே ரெண்டு வாரம்தான். கணவர் அவனுக்குச் சின்ன அறையைக் காட்டினார்.

"அந்த ரூம் வேணாங்க. ஹால்ல படுக்கட்டுமே" என்றேன்.

"இது நீ பேசலை. சீசன் பேசுது."

"நான்தாங்க பேசறேன்."

விரலை நீட்டி ஃபிரிட்ஜைக் காட்டினார். "அது யாரு கையெழுத்து?"

கொடுமை என்னவென்றால், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை சீசன்தானோ என்று நானே விளக்கின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினேன்.

விளக்கு சமையலறை மேசைக்கு வந்தது. 'ரெண்டு வாரம்' காபி குடிக்க வருவான். "கண்ணு கூசுது அண்ணி" என்று விளக்கை அணைத்துவிட்டு உட்காருவான். இரண்டாம் மாதம் நான் குளிப்பதை நிறுத்தினேன். மூன்றாம் மாதம் ஒருவருடைய வலது லென்ஸை இடது பக்கம் பொருத்தி அனுப்பிவிட்டேன். அவர் படியில் தடுமாறிவிட்டு, கண்ணாடியும் கையுமாகக் கடைக்கு வந்து சத்தம் போட்டார். முதலாளியம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"அந்த விளக்கைத் தூக்கிட்டு இங்க வந்துடு" என்றார்.

அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், கடை திறப்பதற்கு முன் அரை மணி நேரம். மிச்ச இருட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேதான் கடந்தேன்.

வெயில் வந்தது. என் பேச்சு செல்லத் தொடங்கும் தேதிக்கு மேல் ஒரு வாரம் கூடுதலாகப் பொறுத்தேன், யாரும் குறை சொல்லக் கூடாதே என்று. பிறகு கேட்டேன்.

"இப்ப நான் தெளிவா இருக்கேன். அந்த ரூம் எனக்கு வேணும்."

கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் நிஜமான சந்தோஷம். "இப்பத்தான் நல்லா இருக்கியே. இப்ப எதுக்கு உனக்கு அந்த ரூம்?"

"மறுபடி இருட்டு வரும்ல?"

"வரும்போது பேசிக்கலாம்."

வரும்போது என் பேச்சு செல்லாது. வராதபோது எனக்கு அறை தேவையில்லை. பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியதில் இந்த மனிதரை நான் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததே இல்லை. சின்ன அறையில் 'ரெண்டு வாரம்' விசிலடித்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

கடை மாடியில் பழைய பிரேம் பெட்டிகள் அடைத்த அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிழக்கே. அங்கே தங்கிக்கொள்ளட்டுமா என்று முதலாளியம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"நல்லா யோசிச்சியாம்மா?"

"யோசிச்சுட்டேம்மா. வெயில்லதான் யோசிச்சேன்."

அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலை என் துணிமணிகளை இரண்டு பெட்டிகளில் கட்டி வாசலில் வைத்தேன். கணவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். இரண்டிலும் அவருக்கு உதவி இல்லை.

"எத்தனை நாளைக்கு?" என்றார்.

"ரெண்டு வாரம் மட்டும்" என்றேன்.

அவர் நம்பிவிட்டார்.