சோபாவுக்குள் பதினோரு கடிதங்கள்

கடன் கொடுத்தவர்கள் அனுப்பிய பதினோரு கடிதங்களையும் சோபாக்காரர் ஒரு சோபாவுக்குள் ஒளித்துவைத்து, அந்தச் சோபாவைப் பல் டாக்டருக்கு விற்றும்விட்டார்.

வேண்டுமென்று செய்ததல்ல. அவர் சோபா தைத்து விற்கும் கடையின் மூலையில் நான்கு வருடமாக யாரும் சீந்தாத ஒரு பச்சை சோபா கிடந்தது. கடிதம் வந்தால் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தால்தானே தொகை தெரியும்? சோபாவின் அடித்துணியில் நாலு பின்னைக் கழற்றி, கடிதத்தை உள்ளே செருகி, மறுபடி பின் அடித்துவிடுவார். மனைவியின் கண்ணில் படக்கூடாது என்பது ஒரு காரணம். தன் கண்ணிலேயே படக்கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். போன மாதம் பல் டாக்டர் வந்தார், காத்திருக்கும் அறைக்கு இதுதான் தோது என்று பச்சை சோபாவைத் தட்டிப் பார்த்தார், பேரமே பேசாமல் முழுப் பணத்தையும் எண்ணி வைத்தார். பேரம் பேசாத மனிதரைக் கண்ட மயக்கத்தில் கடிதமாவது ஒன்றாவது! சோபாக்காரர் தானே ஒரு பக்கம் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டார்.

கடன் ஆலோசனை அலுவலகத்தில் இருந்த அம்மா கடிதங்களைப் பற்றிக் கேட்டபோதுதான், அவை சோபாவோடு போய்விட்டது பொறி தட்டியது. அவர் மேஜைமேல் இரண்டு படிவங்களை வைத்திருந்தார்.

“இது திவால் மனு. கடைய ஒப்படைச்சிடணும். தையல் மெஷின் மாதிரி தொழில் சாமான் உங்ககிட்டயே இருக்கும். கொஞ்ச வருஷத்துக்கு யாரும் கடன் தரமாட்டாங்க, ஆனா பழைய கடன் அதோட தீந்துடும். இன்னொண்ணு தவணை ஒப்பந்தம். கடை கையவிட்டுப் போகாது. அஞ்சு வருஷம் மாசாமாசம் ஒரே தொகை கட்டணும். நடுவுல தவறினா ஒப்பந்தம் முறிஞ்சிடும், மறுபடி எல்லாரும் உங்க கழுத்துலதான்.”

“நீங்களா இருந்தா எத எடுப்பீங்க?”

“அத நான் சொல்லக்கூடாதுங்க. முடிவு உங்களோடது. வியாழக்கிழமை எல்லாக் கடிதத்தையும் கொண்டாங்க, மொத்தம் எவ்வளவுன்னு பாக்கணும்.”

சோபாக்காரரின் மனசு தவணைப் பக்கமே சாய்ந்தது. கணக்குப் பார்த்துச் சாய்ந்ததல்ல. கடைப் பலகையில் இருப்பது மனைவியின் பெயர். கல்யாணத்துக்கு ஒரு மோதிரம் வாங்க வக்கில்லாமல், “உன் பேரத் தெருவே படிக்கும் பாரு” என்று வாய் வீரம் பேசி எழுதி வைத்தது. கடையை ஒப்படைத்தால் பலகை இறங்கும். அந்த இடத்துக்கு வந்ததும் அவருடைய யோசனை படுத்துக்கொள்ளும்.

முதலில் கடிதங்களை மீட்க வேண்டும். சோபாவைச் சாய்த்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லை. வேறு வழியில்லாமல்தான் அவர் மனைவியிடம் உண்மையைச் சொன்னார்.

“ஏம்மா, நாளைக்கு மத்தியானம் ஒரு சோபா தூக்கணும்.”

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். டாக்டர்களின் கிறுக்கலையே கண்ணாடி போடாமல் படிப்பவருக்குப் புருஷன் முகம் எம்மாத்திரம்?

“அதுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?”

சொன்னார். ஆலோசனை அம்மா காட்டிய இரண்டு படிவங்களைப் பற்றியும் சொன்னார். கடன் இருப்பது மனைவிக்குத் தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. அது அவருக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

“ஒண்ணயாவது பிரிச்சிப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“அதான பாத்தேன். ராத்திரியில நல்லா குறட்டை விட்டீங்களே!”

மறுநாள் பல் டாக்டர் சாப்பாட்டு வேளையில் வரச் சொல்லியிருந்தார். கன்னம் வீங்கிய ஒருவர் மட்டும் முறைக்காகக் காத்திருந்தார். அவரை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இருவரும் சோபாவைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். மனைவி ஒரு பக்கம் தோள் கொடுக்க, சோபாக்காரர் குனிந்து பின்களைப் பிடுங்கினார். கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஸ்பிரிங்கில் மாட்டியிருந்த ஒன்று மட்டும் பாதி கிழிந்து வந்தது.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். சோபாக்காரர் அவரையும் விடவில்லை. “டாக்டர், நீங்க படிச்சவங்க. திவாலா, தவணையா?”

“நம்ம தொழில்லயும் இதே கேள்விதான். பிடுங்கிடலாமா, வச்சு வைத்தியம் பாக்கலாமான்னு கேப்பாங்க.”

“அதுக்கு நீங்க என்ன சொல்வீங்க?”

“எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்கன்னு சொல்வேன்” என்று டாக்டர் நழுவினார். வீங்கிய கன்னக்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார்; வலி விடவில்லை.

மனைவி அதே சோபாவில் உட்கார்ந்து பதினொன்றையும் பிரித்தார். மாத்திரை அட்டை நறுக்கும் கத்தரிக்கோலால் நேராக நறுக்கி, தொகைகளை ஒரு உறையின் பின்பக்கம் வரிசையாக எழுதிக் கூட்டினார். சோபாக்காரர் மனக்கணக்கில் வைத்திருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலே வந்தது. ஐந்து வருடத் தவணைக்கு மாதம் எவ்வளவு என்று பார்க்க அதை அறுபதால் வகுத்தார்.

“இவ்வளவு எந்த மாசமாவது கடையில மிஞ்சியிருக்கா?”

சோபாக்காரர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். “ஒரு மாசம் மிஞ்சிச்சு. டாக்டர் இந்த சோபா வாங்கின மாசம்.”

“அப்போ நமக்கு மாசம் ஒரு பல் டாக்டர் வேணும். மொத்தம் அறுபது பேர். அவ்வளவு பேருக்கு எங்க போறது?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. “கணக்கு எனக்கும் புரியுது. ஆனா கடையக் குடுத்தா உன் பேர் போட்ட பலகைய எறக்கணும். உனக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான். ஆலோசனை அம்மா உங்க முடிவுங்கறாங்க, டாக்டர் எக்ஸ்ரேங்கறார். நீயும் ‘உங்க இஷ்டம்’னு சொல்லிடாத, தாயே. எதுன்னு சொல்லு.”

மனைவி கடிதங்களை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு, அவர் மடியில் வைத்தார். மருந்துக்கடையில் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

“திவால். வியாழக்கிழமை கையெழுத்துப் போடுங்க. தையல் மெஷின் நம்ம வீட்டு ஜன்னல் ஓரம் சரியா உக்காரும், காலையிலயே உங்க டேப்ப எடுத்து அளந்துட்டேன். பலகைய எறக்கும்போது கூப்பிடுங்க, ஒரு பக்கம் நான் பிடிச்சிக்கிறேன்.”