கண்ணாடி போலக் கட்டப்பட்ட மச்சான்

இதில் ஒரு எழுத்துப் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றுவது எங்கள் பிழைப்பு. என் மனைவியின் தம்பியும் எங்கள் கூட்டத்தில்தான் இருந்தான். வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

ஒரு நாள் ஒரு நர்ஸம்மா வீட்டு மாடியிலிருந்து பீரோவை இறக்கினோம். கீழ்ப்படியில் நின்ற ரேடியோ அண்ணாந்து பேசினான். இழுப்பறை சறுக்கி வந்து மோவாயில் மோதியது. தாடை இடது காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. இரண்டு பல் தரையில். வாயெல்லாம் ரத்தம். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவன் பேசவில்லை. அதனால்தான் விஷயம் பெரிது என்று எங்களுக்கு உறைத்தது.

தெரிந்த வைத்தியத்தைச் செய்தோம். கம்பளி விரித்து, மல்லாக்கக் கிடத்தி, தலைமுதல் கால்வரை கயிறு போட்டு இறுக்கினோம். பீரோவை அப்படித்தான் கொண்டுபோவோம், கீறல் விழாது. ரேடியோவின் தொண்டையில் கொளகொளவென்று சத்தம் வந்தது. முகம் நீலம் பாரித்தது.

நர்ஸம்மா ஓடிவந்தார். "அடப் பாவிகளா, ரத்தம் தொண்டைக்குள்ள இறங்குது! மூச்சடைச்சே செத்துருவான். அவுத்து உக்கார வச்சு முன்னால சாய்ங்க!"

"எவ்வளவு சாய்க்கணும்மா?" என்றார் எங்கள் மேஸ்திரி நிதானமாக.

"ரத்தம் வெளிய வடியற அளவுக்குய்யா!"

மேஸ்திரி எங்கள் பக்கம் திரும்பினார். "டேய், இவன் பீரோ இல்லடா. ஆளுயரக் கண்ணாடி!"

அதைச் சொன்னால் போதாதா? கண்ணாடியை எவனாவது படுக்கப் போடுவானா? அரை நிமிஷத்தில் ரேடியோ நிமிர்ந்து, மடியில் தலையணையோடு முன்னால் சாய்ந்திருந்தான். நர்ஸம்மா அவன் வாயில் தெரிந்த ரத்தக்கட்டியை வழித்தெடுத்தார். ரேடியோ இழுத்த முதல் மூச்சில் ஜன்னல் திரைச்சீலைகள் வளையத்தோடு கழன்று வந்தன. நான் பழக்கதோஷத்தில் அவன் நெற்றியில் 'உடையும் பொருள்' சீட்டை ஒட்டினேன்.

மறுபடி பொருத்தலாம் என்று பல் இரண்டையும் நர்ஸம்மா பாலில் போட்டுவைத்தார். அதை எங்கள் டிரைவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டார். அன்றிலிருந்து அவர் எதையும் மெல்லுவதில்லை; உள்ளே போனதும் அரைபட்டுவிடுகிறதாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டைப் படித்துவிட்டுச் சொன்னார்: "சாய்ச்சு கொண்டாந்தீங்களோ, பொழைச்சான். இப்ப தாடையைக் கம்பி போட்டுக் கட்டணும். சொந்தக்காரங்க கையெழுத்து வேணும். நீங்க என்ன முறை?"

"மச்சானுங்க. என் சம்சாரத்தோட கூடப்பிறந்த தம்பி."

கையெழுத்துப் போட்டேன். ரேடியோ பிழைத்துக்கொண்டான்.

என் மனைவி அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. என் நாக்கு இன்னும் அழுகவில்லை.