பன்றியை விட்டுக்கொடுக்காத தளபதி

மாசிடோனியாவில் வலை விரிக்காமல் ஒரு காட்டுப்பன்றியையாவது கொன்றவன்தான் விருந்தில் மஞ்சத்தில் சாய்ந்து சாப்பிடலாம். மற்றவர்களுக்கு நாற்காலிதான். பத்து நகரங்களைப் பிடித்த தளபதி சோபோலிஸுக்கு நாற்பத்தெட்டு வயதிலும் நாற்காலிதான். போர், காய்ச்சல், உடைந்த கால் என்று ஒவ்வொரு வேட்டையும் தட்டிப்போனது. குதிரைப்படைத் தலைவன் அமிந்தோர் விருந்துதோறும், "தளபதிக்கு நாற்காலி வந்தாச்சா?" என்று அக்கறையாக விசாரிப்பான். மன்னர் சிரிப்பார். சோபோலிஸும் சேர்ந்து சிரிப்பான். வயிறு மட்டும் எரியும்.

அந்த மன்னர் இறந்து ஐந்து நாளாகிறது. பெர்மியோன் மலை வேட்டையில் பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டது. அப்போது பக்கத்தில் இருந்தவன் சோபோலிஸ் ஒருவன்தான். இளவரசனுக்கோ மூன்று வயது. அவன் வளரும்வரை ஆட்சி யார் கையில் என்பதை ஆயுதம் தாங்கிக் கூடும் படைதான் சொல்ல வேண்டும். ஈட்டியால் கேடயத்தைத் தட்டினால் சம்மதம். போட்டியில் நின்றவர்கள் சோபோலிஸும் அமிந்தோரும். தோற்றவனை உயிரோடு விட்டுவைக்கிற பெருந்தன்மையெல்லாம் அங்கே கிடையாது.

காலையிலேயே மைத்துனன் தெர்தாஸ் வந்து கெஞ்சினான். "மன்னர் கையில இருந்த ஈட்டி குத்தித்தான் பன்னி செத்துச்சுன்னு சொல்லிடுங்க மச்சான். மன்னரும் பன்னியும் ஒரே நேரத்துல விழுந்துட்டாங்க, நீங்க என்ன பண்ணமுடியும்? பன்னிய அவருக்கே விட்டுக்கொடுத்துடுங்க."

சோபோலிஸ் சரி என்றுதான் தலையாட்டினான்.

படை கூடியதும், முகம் தெரியத் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மேடையேறினான். கையில் ஈட்டி இருந்தும் ஏன் எறியவில்லை என்று அமிந்தோர் கேட்டான். மன்னருக்கு முந்தி எறிகிறவனுக்குச் சவுக்கடி என்பது நாடறிந்த சட்டம், மன்னர் இன்னும் எறிந்திருக்கவில்லை என்றான் சோபோலிஸ். காலாட்படை ஆமோதித்தது. அங்கங்கே கேடயங்கள் ஒலிக்கவும் தொடங்கின. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் நாடு அவன் கையில்.

அப்போது முன்வரிசையிலிருந்து கொராகோஸ் கையைத் தூக்கினான். சோபோலிஸிடம் இருபது வருடம் சேவகம் செய்த கிழட்டு வீரன். அவன் குரலில் குற்றச்சாட்டே இல்லை. "அப்போ பன்னிய யாரு கொன்னது, தளபதி?"

மன்னர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மேடைக்குக் கீழே அமிந்தோரின் உதட்டில் அதே விருந்துச் சிரிப்பு. இப்போது விட்டுக்கொடுத்தால் ஆட்சியைப் பிடித்தாலும் சாகும்வரை நாற்காலிதான். இருபத்தைந்து வருட வயிற்றெரிச்சல் நாக்குக்கு ஏறியது.

"நான்தான் கொன்னேன். மன்னர் விழுந்ததும் எறிஞ்சேன். இருபது அடி தூரம். ஒரே வீச்சு. நெஞ்சுல போய் நின்னுச்சு."

அமிந்தோரின் சிரிப்பு நின்றது. அதைப் பார்க்க சோபோலிஸுக்கு இனித்தது. அந்த இனிப்பு அடங்குவதற்குள் கேடயங்களும் நின்றுவிட்டதைக் கவனித்தான்.

கொராகோஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரே வீச்சு," என்றான். "முன்னாடியே எறிஞ்சிருந்தா சவுக்கடிதானே விழுந்திருக்கும், தளபதி? எங்கள்ல யாரா இருந்தாலும் வாங்கியிருப்போமே."

அந்த மலையில் இப்படி ஒரு வழி இருந்தது சோபோலிஸுக்குத் தோன்றவே இல்லை. எட்டாயிரம் பேர் நின்ற மைதானத்தில் ஒரு ஈட்டியும் அசையவில்லை. அமிந்தோர்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். சோபோலிஸ் வாளை அவிழ்த்து மேடையில் வைத்துவிட்டு, தானாகவே இறங்கி அவர்கள் ஈட்டிகளுக்கு நடுவில் போய் நின்றான்.