அழகுமுத்து அக்கா

அந்தக் கை அன்றைக்கும் எழும்பியது. போன் திரையில் அழகுமுத்து என்ற பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாய் ஒரு சின்னக் கைப்படம். கேள்வி இருக்கிறது என்று அர்த்தம். ஜீவராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மூன்று எண்ணுவதற்குள் கை இறங்கிவிட்டது. ஐந்து வாரமாக இதே கதை.

முன்பள்ளி ஆசிரியர்களுக்கான டிப்ளோமா அது. கொழும்பில் ஒரு நிறுவனம் ஞாயிறுதோறும் காலையில் இணையத்தில் நடத்தியது. ஜீவராணி அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கொண்டுவந்து விடும் குழந்தைகளைச் சாயந்திரம் வரை பார்த்துக்கொள்ளும் வேலை. படித்து முடித்தால் முன்பள்ளிக்கு மாறலாம் என்று பெயரைக் கொடுத்துவிட்டாளே தவிர, வகுப்பில் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. கமராவையும் திறந்ததில்லை. தோட்டத்து லயத்தில் அவர்களுக்கிருந்த ஒற்றை அறையில் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் புகை படிந்த சுவர், இல்லாவிட்டால் கொடி நிறைய துணி. அதைவிடப் பெரிய பயம் பேச்சு. பாடம் நடத்தும் நிரூபா மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். வாயைத் திறந்தால் முதல் சொல்லிலேயே தன்னை எடைபோட்டுவிடுவார் என்று நினைத்தாள்.

வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாம் கறுப்புக் கட்டங்கள். பாதிப் பேர் புருஷன்மாருடைய போனில் வருவதால் ஆண் பெயர்களும் கிடந்தன; ஆண்டியப்பன் என்பது உண்மையில் அவர் மனைவி சுலக்ஷனா என்று ஒருநாள் தெரியவந்தது. அப்படியென்றால் அழகுமுத்துவும் யாரோ ஒரு அக்காதான். நாற்பது வயதிருக்கும், தன்னைப் போலவே பயந்த சுபாவம் என்று ஜீவராணி முடிவு செய்துகொண்டாள். அந்த அக்கா என்னதான் கேட்க வந்து விட்டுவிடுகிறாள்? வாரம் முழுக்கக் குழந்தைகளுக்குச் சோறூட்டும்போதுகூட அது மனதில் ஓடியது.

ஆறாவது வாரம் பொறுக்க முடியாமல் தனியாக ஒரு மெசேஜ் போட்டாள். "அக்கா, என்ன கேக்க வந்தீங்க?"

நாலு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "புள்ளய முதல் நாள் விட்டுட்டுப் போறப்ப, தாய் சொல்லிட்டுப் போகணுமா? சொல்லாமப் போகணுமா?"

ஜீவராணி அதை இரண்டு தடவை வாசித்தாள். இதற்கு அவளிடம் ஒன்பது வருடத்துப் பதில் இருந்தது. அந்த நேரம் பார்த்து நிரூபா மிஸ், "நான் சுவரோடை கதைக்கிற மாதிரிக் கிடக்கு. ஒராள் எண்டாலும் கதையுங்கோவன்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அவரும் எங்கேயோ ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்பது ஜீவராணிக்கு அப்போதுதான் உறைத்தது. மைக்கைத் திறந்தாள். கேள்வியைக் கேட்டாள்.

"நல்ல கேள்வி. நீங்கள் என்ன கண்டனீங்கள்? அதைச் சொல்லுங்கோ."

"சொல்லிட்டுப் போனா சத்தம் போட்டு அழுவுதுங்க மிஸ். கொஞ்ச நேரத்துல அடங்கிரும். சொல்லாமப் போன புள்ளைங்க அழுவாது. ஆனா நாள் முழுக்க வாசலப் பாத்துக்கிட்டே இருக்கும்."

"இவ்வளவு நாளும் எங்கை இருந்தனீங்கள்?" என்றார் மிஸ்.

அதற்குப் பிறகு அழகுமுத்து அக்காவோடு மெசேஜில் பேசுவது வழக்கமாகிவிட்டது. யாரிடமும் சொல்லாததை எல்லாம் ஜீவராணி அந்தப் பெயரிடம் சொன்னாள். இந்த வயதில் உனக்கெதுக்குப் படிப்பு என்று கொழும்பில் கடையில் வேலை செய்யும் புருஷன் கேட்டது, குளிக்கிற இடத்தில் நின்று அழுதது, எல்லாம். கடைசியாக, "எல்லாரும் கமராவப் போட்டு அஞ்சு நிமிஷம் பேசணுமாம். என்னால ஏலாதுக்கா. நிப்பாட்டிடப் போறேன்" என்றும் எழுதினாள்.

"நிப்பாட்டாதீங்க. மொத ஆளா நான் பேசுறேன். பாருங்க" என்று பதில் வந்தது.

அந்த ஞாயிறு அழகுமுத்துவின் கறுப்புக் கட்டம் திறந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை.

பக்கத்தில் எட்டிப் பார்த்த மகள் ஷாமிலா விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, ஒங்க அக்காவுக்கு மீச!"

ஜீவராணிக்கு முகம் தீயாய்ச் சுட்டது. என்னென்ன எழுதினோம் என்று மனம் பின்னோக்கி ஓடியது. ஆனால் அந்த ஆள் பேசத் தொடங்கியதும் போனை மூடவும் முடியவில்லை.

"பொகவந்தலாவையில தேயிலை மலையில வேலை செய்றேங்க மிஸ். எம் பொண்டாட்டி குவைத்துக்குப் போறப்ப புள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு. எழுப்ப வேணாம்னு நாந்தான் சொன்னேன். இப்ப அதுக்கு நாலு வயசு. எங்க தோட்டத்து முன்பள்ளியில டீச்சர் இல்ல. அதான் நானே..." காகிதத்தை எடுத்து மீதியை வாசித்து முடித்தார்.

வகுப்பு முடிந்ததும் மெசேஜ் வந்தது. "மொதல்லயே சொல்லியிருக்கணும். பொம்பளைங்க படிக்கிற எடத்துல ஆம்பளைக்கு என்ன வேலைன்னு நெனப்பீங்களோன்னு பயந்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

மூன்று நாள் அவள் பதில் போடவில்லை. பழைய மெசேஜ்களை எல்லாம் திரும்ப வாசித்தாள். எங்கேயும் அவர் தன்னைப் பெண் என்று சொல்லவில்லை. பொய்யே இல்லை, அக்கா என்று கூப்பிட்டதை மறுக்காமல் இருந்ததைத் தவிர. கோபம் வந்தது, போனது. போகாமல் நின்றது ஒரு கேள்விதான்: அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது?

புதன்கிழமை சாயந்திரம் வேலை முடிந்து வந்தவள், முகத்தைக்கூடக் கழுவாமல் அழகுமுத்துவுக்கு வீடியோ கோல் எடுத்தாள். புருஷனைத் தவிர வேறு யாருக்கும் அவள் இப்படி முகம் காட்டியதில்லை.

திரையில் ஒரு சின்ன முகம் முழுசாக வந்து நிறைந்தது. "அம்மா..." என்று தொடங்கி, உற்றுப் பார்த்தது. "நீங்க அம்மா இல்லியே. யாரு?"

"நான்... அப்பாவோட படிக்கிறேன் பாப்பா."

"அப்பாவோடயா? இவ்வளவு பெருசா இருக்கீங்க!" குழந்தை கொஞ்சம் யோசித்தது. "அப்பா தண்ணி எடுக்கப் போயிருக்கு. நான் கூட்டியாரேன். போயிராதீங்க."

"போகல. போயிட்டு வா."

போன் மல்லாக்கக் கிடந்தது. திரையில் ஒரு தகரக் கூரை. ஆணி அடித்த ஓட்டைகள் வழியே வெளிச்சம் அங்கங்கே பொத்துக்கொண்டு வந்தது. ஓடும் காலடிச் சத்தம் தூரமாகப் போனது. பிறகு கோழி ஒன்று குறுக்கே வந்து நின்று, கழுத்தைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் ஜீவராணியைப் பார்த்தது.